நோயாளியைப் பேணுபவரைப் பேணுபவர் யார்?

(நமது பங்கின் பொன்விழா ஆண்டில், பிப்ரவரி 11-ஆம் நாள் நோயாளர் தினத்தன்று, திருப்பலிக்குப் பின் ஆலய மன்றத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)

ஆண்டவர் இயேசுவில் அன்புமிக்க சகோதர சகோதரிகளே, இன்று சிறப்பு விருந்தினராய் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நம் பங்கின் செவிலியரே, அவர்தம் குடும்பத்தாரே,



லூர்து அன்னையின் திருநாளாகிய இந்நாளை நோயாளர் தினமாகக் கொண்டாட வேண்டும் என்று 1992-ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அறிவித்தார். 1993 முதல் உலகெங்கும் கொண்டாடப்படுகிறது. ஆண்டுதோறும் நாமும் நோயாளிகளை ஆலயத்திற்கு அழைத்து வந்து எண்ணெய் பூசுகிறோம், செபிக்கிறோம், ரொட்டியும் பழமும் கொடுத்து அனுப்புகிறோம். நல்லதுதான். ஆனால் பொன்விழா ஆண்டாகிய இவ்வாண்டில், நோயாளியின் கட்டிலருகே நிற்பவரைப் பற்றியும் பேசவேண்டும் என்று நமக்குத் தோன்றிற்று. ஏன் தோன்றிற்று என்பதை முதலில் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் குடலிறக்கத்திற்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, ஒரு மருத்துவமனையில் ஐந்து நாள் படுத்திருந்தோம். எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். மூன்றாம் நாள் இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அந்த வார்டில் முப்பதுக்கு மேற்பட்ட நோயாளிகள். இரண்டு நர்சுகள் டூட்டியில் இருந்தார்கள். ஒருவரை அவசரமாக வேறு வார்டுக்கு அழைத்துக்கொண்டார்கள். எஞ்சியவர் ஒரே ஒரு பெண். நள்ளிரவு கடந்து ஒரு பெரியவர் நினைவு தடுமாறி டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிவிட்டார்; இரத்தம் வழிந்தது. அதே நேரத்தில் இன்னொரு கட்டிலருகே இருந்த உறவினர், கூப்பிட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சத்தமிட்டார். சொல்லத் தகாத சொற்களும் வந்தன. அந்தப் பெண் பதில் பேசவில்லை. பெரியவருக்குக் கட்டுப்போட்டு, ஊசியை மாற்றிக் குத்தி, பின்பு அந்த மனிதரிடம் போய், "என்ன வேணும் ஐயா?" என்று கேட்டார். விடியும்வரை அவர் உட்கார்ந்து நாம் பார்க்கவில்லை.

காலை ஐந்து மணிக்கு நமக்கு இரத்த அழுத்தம் பார்க்க வந்தார். முகக்கவசம் அணிந்திருந்ததால் ஆளை அடையாளம் தெரியவில்லை. "ராத்திரி ஏதாவது சாப்பிட்டியா அம்மா?" என்று கேட்டோம். "டப்பாவைத் திறக்கவே இல்லை ஃபாதர்" என்றார். பிறகு மெதுவாக, "நான் உங்க பங்குதான் ஃபாதர். ஞாயிற்றுக்கிழமை டூட்டி மாத்திக் கொடுக்கமாட்டாங்க. அதனாலதான் பாடற்குழுவுக்கு வரமுடியலை. நீங்க என் பேரை எடுத்துட்டீங்க" என்றார்.

அவர் குறையாகச் சொல்லவில்லை. நம் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே சொன்னார். நமக்கோ அறுவைச் சிகிச்சையின் வலியைவிட அந்தச் சொல் அதிகமாய் வலித்தது.

அன்பர்களே, நோயாளரைப் பேணும் கடமையில் இருப்பவருக்கு ஞாயிறு திருப்பலிக் கடனிலிருந்து விலக்கு உண்டு என்பது திருச்சபையின் போதனை. குருமடத்தில் இதைப் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறோம். ஆயினும் பாடற்குழுவின் வருகைப் பதிவேட்டைப் பார்த்தபோது அது நம் நினைவுக்கு வரவில்லை. 'பெண்ணுக்கு வேலை கிடைத்ததும் கோவில் மறந்துபோயிற்று' என்றுதான் எண்ணினோம். ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தச் சகோதரியிடம் நாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். அவருடைய அனுமதி பெற்றே இதை இன்று உங்கள் முன் சொல்லுகிறோம்.

பெரியோர்களே, செவிலியரை நாம் 'சிஸ்டர்' என்று அழைக்கிறோம். துறவறக் கன்னியர் நோயாளரைப் பேணிய நாட்களிலிருந்து வந்த அழைப்பு அது. அப்பெயரில் அழைக்கும் நாம், நம் வீட்டுச் சகோதரியை நடத்துவது போல அவர்களை நடத்துகிறோமா? இதுவே இன்றைய கேள்வி.

அவர்கள் சுமக்கும் பாரம் எத்தகையது என்று பார்ப்போம். வேலை அதிகம் என்பது மட்டும் பாரமன்று. நம் உழவர்கள் நடவுக் காலத்தில் வெயிலில் குனிந்து உழைக்கிறார்கள். மாலையில் உடல் களைக்கிறது, மனம் உடைவதில்லை. 1979-இல் ராபர்ட் கராசெக் என்னும் அமெரிக்க அறிஞர் இதை ஆராய்ந்து எழுதினார். வேலையின் நெருக்கடி மிகுதியாகவும், அவ்வேலையைப் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும் இடத்தில்தான் மனிதன் நொறுங்குகிறான் என்பது அவர் கண்ட முடிவு. பின்னர் 1988-இல் வேறு இரு ஆய்வாளர்கள் மூன்றாவதொன்றைச் சேர்த்தார்கள். அதுதான் துணை. நெருக்கடியும் மிகுந்து, உரிமையும் குறைந்து, தோள்கொடுக்க ஆளும் இல்லாத இடமே எல்லாவற்றிலும் கொடியது என்றார்கள்.

செவிலியர் பணியை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த மருந்து என்பதை மருத்துவர் முடிவு செய்கிறார். எந்த வார்டு, எந்த ஷிஃப்டு என்பதை மேலதிகாரி முடிவு செய்கிறார். எத்தனை நோயாளி என்பதை யாரும் முடிவு செய்வதில்லை. வருகிறவர் எல்லாம் வருகிறார்கள். ஆனால் தவறு நேர்ந்தால் முதலில் விரல் நீட்டப்படுவது நர்சை நோக்கித்தான். உறவினர் அழுதாலும் அவரிடம், ஆத்திரப்பட்டாலும் அவரிடம், பில் அதிகம் என்றாலும் அவரிடம்!

பொது மருத்துவமனை வார்டில் 5 நோயாளிக்கு ஒரு செவிலியர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 3 நோயாளிக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் மன்றம் வகுத்த அளவு. நாம் படுத்திருந்த வார்டில் அன்றிரவு முப்பதுக்கு மேற்பட்டவருக்கு ஒருவர் என்பதை நினைவில் வையுங்கள்.

இது ஏதோ மேல்நாட்டுக் கணக்கு என்று எண்ணவேண்டாம். நமக்கு அருகிலேயே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அங்கே 'வீரசோழன்' என்னும் பெயரில் ஓர் ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை, நடந்த செய்தியை அது கூறுகிறது. படுக்கைகள் 15. வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், இவர்களோடு மருந்து கொடுத்து நோயாளரைப் பேணும் பெண்கள் இருவர். 15 படுக்கைக்கு இரண்டு பெண்கள்! அவரவர்க்கு உரிய ஊதியத்தையும் கல்லிலே வெட்டி வைத்தார்கள். ஏறத்தாழ 950 ஆண்டுகளுக்கு முன், நோயாளரைப் பேணும் பெண்ணின் கூலி ஊரறியக் கல்லில் எழுதப்படும் அளவுக்கு மதிப்புடையதாய் இருந்தது. இந்த மண்ணில் பிறந்த நாம் அதைவிடக் குறைவாக எண்ணலாமா?

அடுத்து, துணை என்பது என்ன? 'மனத்தைத் தளரவிடாதே' என்று சொல்லிவிட்டுப் போவதா? 1981-இல் ஜேம்ஸ் ஹவுஸ் என்னும் சமூகவியல் அறிஞர், வேலையின் மன அழுத்தத்தைப் பற்றி எழுதிய நூலில் துணையை நான்காகப் பிரித்தார். நம் ஊர் வழக்கில் அவற்றைச் சொல்லிப் பார்ப்போம்.

முதலாவது, மனத்துணை. 'உன் பாடு எனக்குப் புரிகிறது' என்று காதுகொடுத்துக் கேட்பது. தன் கையில் ஒரு குழந்தை இறந்துபோன நாளில் வீட்டுக்கு வரும் நர்சிடம், "ஏன் முகத்தைத் தூக்கி வைச்சிருக்கே?" என்று கேட்பது துணையன்று. ஒரு டம்ளர் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு அருகே உட்கார்ந்திருப்பது துணை.

இரண்டாவது, கைத்துணை. இரவுப் பணி முடித்துக் காலையில் வருபவள், வந்ததும் பாத்திரம் துலக்கி, சோறாக்கி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் படுக்கப் பதினொரு மணி ஆகிறது. பன்னிரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டார், "அப்பாவுக்கு ஊசி போடணும், நர்சம்மா இருக்காங்களா?" என்று கதவைத் தட்டுகிறார்கள். மாமியார்மாரே, கணவன்மாரே, காலைச் சமையலை நீங்கள் ஏற்றுக்கொள்வது எந்தச் சொற்பொழிவைவிடவும் பெரிய உதவி. அண்டை வீட்டாரே, அவசரம் இல்லாத ஊசியை மாலைவரை தள்ளிப்போடுவதும் உதவிதான்.

மூன்றாவது, அறிவுத்துணை. புதிதாய் வேலைக்கு வந்த பிள்ளைக்கு இயந்திரத்தை எப்படி இயக்குவது, உரிமைகள் எவை, யாரிடம் முறையிடுவது என்று மூத்தவர் சொல்லித் தருவது.

நான்காவது, மதிப்புத்துணை. செய்த வேலை நன்றாயிருக்கிறது என்று உரிய நேரத்தில் சொல்வது. தவறு நேர்ந்தால் நாலுபேர் முன் வைத்துக் கத்தாமல் தனியே அழைத்துத் திருத்துவது. மருத்துவமனைகளில் மேற்பொறுப்பில் இருக்கும் நம் பங்கினர் சிலர் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் கீழ்ப் பணிசெய்யும் இளம் பெண்ணுக்கு நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை, அவள் அந்த வேலையில் நிலைப்பதா போய்விடுவதா என்பதைத் தீர்மானிக்கலாம். பழைய நாளில் நாம் பட்ட பாட்டை இவர்களும் படட்டும் என்று எண்ணாதீர்கள்.

இத்துணைகளை நாம் கொடுத்தோமா? 2020-ஐ நினைத்துப் பாருங்கள். அது பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பிறந்த 200-ஆம் ஆண்டு. உலக சுகாதார நிறுவனம் அதைச் செவிலியர் ஆண்டாகவே அறிவித்திருந்தது. அந்த ஆண்டில்தான் கொரோனா வந்தது. நாமெல்லாம் மாலையில் கைதட்டினோம், விளக்கேற்றினோம். அதே ஆண்டு ஏப்ரல் மாதத்தில், கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் ஒரு கூட்டம் கல்லெறிந்து விரட்டிற்று. சென்னை மட்டுமா? நமக்குத் தெரிந்த ஒரு நர்சை, குடியிருந்த வீட்டைக் காலி செய்யும்படி வீட்டுக்காரர் சொன்னார். தெருக்குழாயில் அவருக்கு முன் குடம் வைத்தவர்கள், அவர் வந்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். அவர்களில் செபமாலை சொல்லுகிறவர்களும் இருந்தார்கள் என்பதை வருத்தத்தோடு சொல்லுகிறோம்.

இனி நாம் சொல்வது சிலருக்குக் கசப்பாக இருக்கலாம். அன்பான வார்த்தை நீதிக்கு ஈடாகாது. ஒரு நர்சுக்கு நாற்பது நோயாளியைக் கொடுத்துவிட்டு, 'மன அழுத்தம் போக்கும் பயிற்சி' என்று ஒருநாள் வகுப்பு நடத்தினால் யாருக்கு என்ன பயன்? 2015-இல் தேர்வெழுதி நம் மாநில அரசு மருத்துவமனைகளில் ஒப்பந்த முறையில் சேர்ந்த செவிலியர் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலை செய்தார்கள். 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் கூடிப் பணிநிரந்தரம் கேட்டார்கள். ஊதியம் பின்னர் உயர்ந்தது. கொரோனாக் காலத்தில் தற்காலிகமாகச் சேர்க்கப்பட்டவரில் 2,000-க்கு மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31-ஆம் நாளோடு முடிக்கப்பட்டது. அவர்களும் தெருவில் அமர்ந்த பின் மாற்றுப்பணி தருவதாகச் சொல்லப்பட்டது. நாளை வேலை இருக்குமா என்று தெரியாதவள் இன்று எப்படி நிம்மதியாய் நோயாளியின் தலையணையைச் சரிசெய்வாள்?

தனியார் மருத்துவமனைகளைப் பற்றி உச்சநீதிமன்றம் 2016-இல் ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்கும் குறைவான சிறிய மருத்துவமனையிலும் செவிலியர் மாத ஊதியம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே பல இடங்களில் நிற்கிறது.

இதில் திருச்சபை நிறுவனங்களும் தம்மைத் தாமே சோதித்துப் பார்க்க வேண்டும். மருத்துவரும் துறவியுமான மேரி குளோரி அம்மையார் குண்டூரில் உழைத்து, 1943-இல் இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தைத் தோற்றுவித்தார். நம் வடதமிழகத்தில் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் 1900-இல் ஒரு படுக்கையோடு தொடங்கி, 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியை நிறுவினார். பெண்கள் நர்சு வேலைக்குப் போவதை ஊர் இழிவாகப் பேசிய காலத்தில், அது மேன்மையான தொழில் என்று நிலைநாட்டியவர்கள் இவர்களைப் போன்றவர்களே. ஆகையால் 'சேவை' என்னும் சொல்லைச் சொல்லிக் கூலியைக் குறைப்பது எங்கே நடந்தாலும் அது அவர்கள் பெயருக்கு இழுக்கு. துறவி சேவைக்குத் தன்னைத் தானே அர்ப்பணித்தவர். குடும்பப் பெண்ணோ கூலிக்கு உழைத்துப் பிள்ளைகளைக் காப்பவர். நியாயமான கூலி தொழிலாளியின் உரிமை என்று 1891-இலேயே திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தம் சுற்றுமடலில் போதித்துவிட்டார். 1981-இல் இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய மடலில் ஓய்வையும் உடல்நலத்தையும் தொழிலாளியின் உரிமைகளாகவே எண்ணினார்.

சட்டங்களும் இருக்கின்றன. மருத்துவப் பணியாளரைத் தாக்குவதைத் தடுக்க 2008-இல் தமிழக அரசு தனிச் சட்டம் செய்தது. வேலையிடத்தில் பெண்ணுக்குப் பாலியல் தொல்லை நேர்ந்தால் விசாரிக்க, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழு இருக்கவேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். 2017-இல் பேறுகால விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகமும் வேண்டும் என்றாயிற்று. செவிலியர் சகோதரிகளே, இவற்றை அறிந்துகொள்ளுங்கள். கேட்பது பாவமன்று.

நல்ல சமாரியன் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அதில் நாம் மறந்துவிடும் ஓர் ஆள் இருக்கிறார். சமாரியன் காயத்தைக் கட்டி, விடுதிக்குக் கொண்டுபோய், ஓர் இரவு தங்கி, மறுநாள் தன் வழியே போய்விட்டான். பிறகு நாள்தோறும் புண்ணைக் கழுவி, கஞ்சி கொடுத்து, இரவில் எழுந்து பார்த்தவர் யார்? விடுதிக்காரர் அல்லவா? சமாரியன் அவரிடம், 'நீர் புண்ணியம் செய்கிறீர், கடவுள் உமக்குக் கொடுப்பார்' என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. இரண்டு வெள்ளிக்காசு கொடுத்தான். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாக வாக்களித்தான். பேணுபவருக்குக் கூலியும் கொடுத்தான். 'நான் மீண்டும் வருவேன், நீர் தனியாய் இல்லை' என்னும் உறுதியும் கொடுத்தான். துணை என்பதற்கு ஆண்டவர் காட்டும் இலக்கணம் இதுவே.

எலியா தீர்க்கதரிசியையும் நினைவுகூருங்கள். களைத்துச் சோர்ந்து, சாவே மேல் என்று ஒரு செடியின் கீழ்ப் படுத்துவிட்டார். வானதூதர் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார்; உறங்கவிட்டார்; மீண்டும் எழுப்பி உணவு கொடுத்தார். பிறகுதான் பயணம். இறைவனின் பெரிய ஊழியருக்கே சோர்வு வருமானால், அது விசுவாசக் குறைவு என்று யார் சொல்ல முடியும்?

ஆகவே செவிலியர் சகோதரிகளே, சகோதரர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. விடுமுறை நாளிலும் உறக்கம் வரவில்லை, நோயாளியைக் கண்டாலே எரிச்சல் வருகிறது, முன்பு இரக்கப்பட்ட இடத்தில் இப்போது கல்லாய் நிற்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றினால், நீங்கள் கெட்டவராகிவிட்டீர் என்று எண்ணாதீர்கள். தீராத வேலை நெருக்கடியால் வரும் இந்தச் சோர்வை 2019-இல் உலக சுகாதார நிறுவனமே வேலையோடு தொடர்புடைய நிலையென்று தன் பட்டியலில் வரையறுத்திருக்கிறது. உடன் வேலை செய்பவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். வீட்டில் சொல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் எண்ணில் அரசின் இலவசத் தொலைபேசி உதவி இருக்கிறது, தயங்காமல் பேசுங்கள். நம் அறைக்கதவும் எந்நேரமும் திறந்திருக்கும். நாம் முன்போல் வருகைப் பதிவேட்டை நீட்டமாட்டோம்!

இறுதியாக, பங்கு என்ற முறையில் நாம் செய்யவேண்டியவை. பங்குப் பேரவையோடு கலந்து சிலவற்றை முடிவு செய்திருக்கிறோம்.

ஞாயிறு டூட்டி உள்ளவர்களுக்காகச் சனிக்கிழமை மாலைத் திருப்பலி இம்மாதம் முதல் நடைபெறும். பாடற்குழுவிலும் வின்சென்ட் தே பவுல் சபையிலும் மரியாயின் சேனையிலும், வேலையின் காரணமாய் வராதவர் பெயரை நீக்கும் வழக்கம் இன்றோடு நின்றது. மாலை ஷிஃப்டு முடித்துக் காஞ்சிபுரத்திலிருந்தும் செங்கற்பட்டிலிருந்தும் இரவு பஸ்ஸில் உத்திரமேரூர் வந்து இறங்கும் பெண்களை, அவர்கள் விரும்பினால், வீடுவரை கொண்டுவிட நம் இளைஞர்களும் பெற்றோரும் முறைவைத்துப் பஸ் நிலையத்தில் இருப்பார்கள். இரவுப் பணி உள்ள வீடுகளின் பிள்ளைகளைக் காலையில் பள்ளிக்கு அனுப்பும் பொறுப்பை அந்தந்த அன்பியம் ஏற்கும். மாதம் ஒருமுறை செவிலியர் தமக்குள் கூடிப் பேச இந்த மன்றம் திறந்திருக்கும். அங்கே நாமும் வரமாட்டோம், பிரசங்கமும் இராது. தேநீர் மட்டும் உண்டு.

முறைவைத்துச் செய்ய முடியுமா, ஆட்கள் நிலைப்பார்களா என்று பேரவையில் ஒருவர் கேட்டார். நாம் எந்த ஊர்க்காரர்கள்? பராந்தக சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும், குடவோலை இட்டு வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த முறையைக் கல்லில் வெட்டி வைத்த உத்திரமேரூர்க்காரர்கள் அல்லவா? ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் வைத்தார்கள். ஒருமுறை பொறுப்பில் இருந்தவர் மூன்றாண்டு விலகியிருக்க வேண்டும் என்றும் விதித்தார்கள். பொறுப்பு ஊரெல்லாம் சுற்றிவந்தது. நம்மைப் பேணுபவரைப் பேண நாம் ஒரு வாரியம் அமைக்க முடியாதா?

அடுத்த முறை நீங்கள் மருத்துவமனைக்குப் போகும்போது, கட்டிலைச் சுற்றி எட்டுப்பேர் நிற்காமல் ஒருவர் மட்டும் நில்லுங்கள். குரலை உயர்த்தாதீர்கள். ஊசி போட்டுவிட்டுத் திரும்பும் அந்தப் பெண்ணிடம் ஒரு நன்றி சொல்லுங்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். நாம் வெகுகாலம் கழித்துக் கற்றுக்கொண்ட பாடம் அது.

நம் சகோதரியின் பெயர் மீண்டும் பாடற்குழுப் பட்டியலில் ஏறியிருக்கிறது. இன்றைய திருப்பலியில் காணிக்கைப் பாடலில் நீங்கள் கேட்ட குரல்களில் அவர் குரலும் ஒன்று. நேற்றிரவு டூட்டி முடித்து வந்தவர் என்பதால், அவரைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பும் பொருட்டு உரையை இத்துடன் முடிக்கிறோம்.

நோயாளரின் ஆரோக்கியமாகிய தேவதாய் நம் செவிலியர் அனைவருக்கும் துணையிருப்பாராக. எல்லாம் வல்ல இறைவன் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.